எட்டு அங்குலச் சரளை

2018 மார்ச் 5
அரசாங்கமும் ஒரு கம்பெனியும் கூட்டாக முதலீடு செய்து எங்கள் ரயில் பாதையைத் திருத்தப் போகின்றன. இனிப் பன்விலத் தேயிலை இங்கே கொள்கலனில் ஏறினால், கொழும்புத் துறைமுகத்தில்தான் இறங்குமாம். வத்தேகமப் பக்கத்துச் சின்ன ஸ்டேஷனில் இருபத்திரண்டு வருடமாகச் சாமான் கிளாக் என்ற பெயரில் ஈ ஓட்டும் எனக்கு 'யார்ட் மேனேஜர்' பதவி! தொப்பியும் தந்தார்கள். தலைக்குப் பெரிது. மூளை வளர இடம் விட்டிருக்கிறார்கள் போலும்.

வீட்டில் சொன்னேன். புஷ்பம் ரொட்டிக்குச் சம்பல் வைக்கவில்லை. அவள் தம்பி லெட்சுமணன் அந்தத் தேயிலையை லொறியில் ஏற்றித்தான் பிழைக்கிறான்.

"ஓங்க தொப்பியத் தொட்டுத் தின்னுங்க."

மார்ச் 14
கண்டிக்கு அப்பால் சுரங்கத்தை அளந்தோம். நாடாவின் மேல் நுனி அரசாங்க எஞ்சினியர் கையில், கீழ் நுனி என் கையில். தண்டவாளத்திலிருந்து கூரை வரை பார்த்தால், கொள்கலன் வண்டி போக நாலு விரல் மிச்சம். சாட்சிக்கு நானும் கையெழுத்திட்டேன். கல்யாணப் பதிவுக்குப் பிறகு யோசிக்காமல் போட்ட கையெழுத்து இதுதான்.

மே 20
சம்பல் இன்னும் வரவில்லை.

ஜூலை 9
கம்பெனி தன் பங்கை முடித்துவிட்டது. சுரங்கத்துக்குள்ளும் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் எட்டு அங்குலம் புதுச் சரளைக்கல். ரயில் ஆடாமல் போகிறது.

கண்டிச் சந்தைக்குக் கீரை கொண்டுபோகும் பாப்பம்மாதான் கத்தினாள். "ஏன்யா, பொட்டி ஒசந்து போச்சே! காலத் தூக்கி ஏற நா என்னா குதிரையா?"

"ரயில் ஒசரல பாப்பம்மா, நீங்கதான் குட்டையாகிட்டீங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜூலை 10
பல் விளக்கும்போது உறைத்தது. ரயில் உயர்ந்துவிட்டது. சுரங்கக் கூரை? நாலு விரல்... எட்டு அங்குலம்... ஐயோ, என் கையெழுத்து!

ஜூலை 12
எஞ்சினியரிடம் ஓடினேன். சுரங்கம் அவருடையது, அளவு சரி. சரளை கம்பெனி விஷயமாம். கம்பெனி அதிகாரி பஹ்மியிடம் ஓடினேன். "கல்லு சரியாப் போட்டிருக்கோம் அண்ணன். சுரங்கம் அவங்கட பொறுப்பு." எழுத்தில் தரச் சொன்னார்கள். தந்தேனா? தொப்பியைப் பார்த்தேன். தரவில்லை.

லெட்சுமணன் லொறியை விற்க ஆள் பார்த்துவிட்டானாம்! அவனிடம் மட்டும் சொன்னேன். "விக்காதடா. தெறப்பு விழா அன்னைக்கு டீசல் அடிச்சு, சுரங்கத்துக்கிட்ட நில்லு."

"நெசமாவா மச்சான்?"

ஜூலை 27
சோதனை ஓட்டம் மாபெரும் வெற்றி. கொள்கலன் வந்து சேராததால் வெறும் வண்டியை ஓட்டினார்கள்.

ஆகஸ்ட் 3
சுபவேளை 9.17. அமைச்சர் நினைவுக்கல்லைத் திறந்து, கொடியசைத்தார். நான் தொப்பியோடு எஞ்சினில். எஞ்சின் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பின்னால் 'டமார்'. முதல் கொள்கலனின் நெற்றி கூரையில். வண்டி நின்றது. நின்ற குலுக்கலில் என் தொப்பி மட்டும் சுரங்க இருட்டுக்குள் முன்னால் பறந்து போனது. திட்டப்படி முன்னேறியது அது ஒன்றுதான்.

தேயிலையை இறக்கி லொறியில் ஏற்றினோம். "மேனேஜரய்யா, முன்னுக்கு ஒக்காருங்க" என்றான் லெட்சுமணன். படுபாவி, சிரிக்கவேயில்லை.

ஆகஸ்ட் 4
சம்பல் வந்தது. மாசிக் கருவாடு போட்டு.

நவம்பர் 19
விசாரணை அறிக்கை வந்துவிட்டது. அளவு சரி. சரளை சரி. சுரங்கத்தின் உயரம்தான் போதாதாம். அதைக் குடைந்த வெள்ளைக்காரனுக்கு யார் கடிதம் போடுவது?

நான் பழையபடி கிளாக். அமைச்சர் மாறியதும் நினைவுக்கல்லைக் கழற்றி ஸ்டேஷன் சுவரோரம் சாய்த்திருந்தார்கள். காலையில் நானும் லெட்சுமணனும் அதைத் தூக்கி, பாப்பம்மா ஏறும் பெட்டி நிற்கிற இடத்தில், பெயர் கீழே இருக்கும்படி கிடத்தினோம். அவள் கீரைக் கூடையோடு கால் வைத்து ஏறினாள்.

"யாருய்யா இந்தக் கல்லப் போட்டது?"

அரசாங்கக் கிளாக்கும் தனியார் லொறிக்காரனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"கூட்டு முதலீடு, பாப்பம்மா."