என் காலடியில் ஒரு பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

டிரைவிங் ஸ்கூலில் இன்று ஆறு பேர். உட்கார்ந்தே இருந்ததில் இடுப்பு மரத்துவிட்டது. காலையில் வரும் கல்லூரிப் பெண்ணிடம் ஊர் பேர் விசாரித்தாலே வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். மதியம் வரும் ஓய்வுபெற்ற நர்ஸுக்கு அறுபத்தொன்று. வீட்டுக்காரருக்குக் கண் மங்கிவிட்டதால் இவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறார். கேட்ட கேள்விக்கு அடுத்த தெருவில்தான் பதில் வரும். இவர்களுக்கு நடுவில் நான், ஐம்பத்திரண்டு. வாயில் ஊர்வம்பு, கண் ரோட்டில், கால் என் பக்கம் இருக்கிற தனி பிரேக்கின் மேல். மூன்றும் தனித்தனியாகச் சம்பளம் கேட்காததுதான் குறை.

மார்ச் 6, வியாழன்

எழுதக் கை வரவில்லை.

நர்ஸம்மா ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பல் டாக்டரின் இரண்டாவது கல்யாணக் கதையில் இருந்தேன் – முதல் மனைவி மண்டப வாசலில் வந்து நிற்கிற கட்டம். சைக்கிளில் ஒரு பெண் குறுக்கே வந்தாள். பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். கால் அழுத்தவில்லை. வண்டி குலுங்கி நின்றது – மிதித்தது நர்ஸம்மா. சைக்கிளுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்.

"தம்பி, உங்க கால் எங்க இருந்துச்சு?"

"பிரேக் மேலதான், சிஸ்டர்."

"கால் இருந்துச்சு. நீங்க கல்யாண மண்டபத்துல இருந்தீங்க."

மார்ச் 7, வெள்ளி

மச்சானிடம் சொல்லவில்லை. ஸ்கூல் அவனுடையது. இந்த வயதில் வேறு என்ன வேலை தெரியும் எனக்கு?

மார்ச் 9, ஞாயிறு

ஒரே நேரத்தில் இரண்டு வேலை ஓடுகிறதா என்று பார்க்க நர்ஸம்மா சொல்லிக்கொடுத்த சோதனை: ஒற்றைக் காலில் நின்று நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்க வேண்டும். எண்பத்தாறில் சுவரைப் பிடித்தேன்.

"என்ன, கொக்கு கணக்குப் பரீட்சைக்குப் படிக்குதா?" என்றாள் மனைவி. பிறகு அவளும் நின்றாள். முப்பது வரை போனாள். நடுவில் பால் பொங்குவதைப் பார்த்து என்னை அடுப்படிக்கு விரட்டவும் செய்தாள். என்னைவிட ஆறு வயதுதான் இளையவள். வீட்டில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று.

எப்போதிருந்து இப்படி? தெரியாத தெருவில் வீடு தேடும்போது ரேடியோவை அணைக்க ஆரம்பித்தது எந்த வருஷம்?

மார்ச் 12, புதன்

இரண்டு நாளாகக் காரில் வாயே திறக்கவில்லை. "சார், என்மேல கோவமா?" என்றாள் கல்லூரிப் பெண். பேசாமல் இருப்பது இவ்வளவு அசதி தரும் என்று தெரியாது. மாலை ஐந்துக்கு ஒரு வேகத்தடை. யாரும் குறுக்கே வரவில்லை, நானும் பேசவில்லை. அப்போதும் கால் தாமதமாகத்தான் போனது.

ஆக, வாய் மட்டும் குற்றவாளி இல்லை.

மார்ச் 13, வியாழன்

மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

"யாருக்கும் அடிபடலயே மாமா. அப்புறம் என்ன?"

"அடிபட்டப்புறம் சொன்னா அது வாக்குமூலம்டா."

வெகுநேரம் சாவிக்கொத்தையே உருட்டிக்கொண்டிருந்தான். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்திருப்பான். பிறகு, "காலையில ரெண்டு மணி நேரம் மட்டும் வண்டி எடுங்க. அசதியா இருந்தா அதுவும் வேணாம். மதியம் சாலை விதி வகுப்பு நடத்துங்க" என்றான். நர்ஸம்மாவின் நேரத்தை இனி அவனே பார்த்துக்கொள்வானாம்.

சைக்கிளில் போனவளுக்கு இதெல்லாம் தெரியாது. நல்லது.

மார்ச் 21, வெள்ளி

வண்டிக்குப் போகவில்லை. தூங்கினேன்.

ஏப்ரல் 2, புதன்

மதிய வகுப்பில் இருபது பேர். ஒருவழிப் பாதையில் எதிரே வந்து, மடக்கிய போலீஸ்காரருக்கே சட்டம் சொன்ன வக்கீல் கதையை ஆரம்பித்தபடி, பலகையில் ரவுண்டானா வரைந்தேன். வட்டம் முட்டையாகிவிட்டது. முன்வரிசையில் ஒருத்தி சிரித்தாள். அழித்தேன். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, மெதுவாக, ஒழுங்காக ஒரு வட்டம் போட்டேன். அம்புக்குறிகளையும் போட்டேன். அதுவரை யாரும் எழுந்து போகவில்லை.

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "இப்ப மீதிக் கதையக் கேளுங்க" என்றேன்.