புள்ளி வைத்த பக்கங்கள்

மார்ச் 3, செவ்வாய்

மனம் கலங்கியிருக்கிறது. முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நான் வெளியே போகும்போது என் மனைவிக்கு யாரோ புத்தகம் படித்துக் காட்டுகிறார்கள்.
2. அது கீழ்வீட்டுத் தையல்காரம்மாவாக இருக்கலாம்.
3. இருவரும் அதை என்னிடம் மறைக்கிறார்கள்.
4. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது அவளுக்குத் தெரியாது. இது மட்டும் உறுதி.

அவளுக்குப் பார்வை மங்கியதிலிருந்து நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். சரித்திரம், பயணம், கவிதை, துப்பறியும் கதை என்று வாரத்துக்கு ஒரு வகை. ஜனவரியில் டாக்டர் ஆறு மாதம் என்றார். அன்றிலிருந்து சாவு வரும் பக்கங்களை விட்டுவிடுகிறேன். முன்கூட்டியே படித்து, விடவேண்டிய பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. என் வாசிப்பில் அரசர்கள் எல்லாரும் மகனுக்கு முடிசூட்டிவிட்டு ஓய்வெடுக்கப் போனார்கள். பயண நூலில், ஆற்றோடு போன படகுக்காரனைக் கரையிலேயே நிறுத்திவிட்டேன்.

இன்று காலை கேட்கிறாள்: "அந்தப் படகுக்காரன் பொண்டாட்டிக்கு யாருங்க போய்ச் சேதி சொன்னது?"

என்ன சேதி என்று நான் கேட்கவில்லை. பயம்.

மார்ச் 5

நூலகத்திலிருந்து அரைமணி முன்னதாகவே திரும்பினேன். மாடிப்படியில் தையல்காரம்மா. ஊசி கேட்க வந்தாராம். தையல்காரருக்கு எங்கள் வீட்டில் ஊசியா?

மார்ச் 6

பயண நூலைப் புரட்டினேன். புள்ளி வைத்த பக்கத்தில் நீல நூல் துணுக்கு. அடுத்த புள்ளியிலும் ஒன்று. மற்றப் பக்கங்களில் எதுவும் இல்லை. அப்படியானால் நான் விட்டதை மட்டும் — அல்லது நான்தான் இல்லாததைப் பார்க்கிறேனா?

மார்ச் 9

இந்த வாரம் துப்பறியும் கதை. முதல் அத்தியாயத்திலேயே பிணம். அதைத் தாண்டி வாசித்தேன். வெகுநேரம் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த இன்ஸ்பெக்டர் எதுக்குங்க வீடு வீடா அலையறாரு?"

"நகை காணோம்."

"நகை காணோம்னா டாக்டர் எதுக்கு வந்தாரு?"

தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி எழுந்து போய்விட்டேன்.

மார்ச் 10

தையல்காரம்மாவிடம் கேட்டேவிட்டேன். அவர் தையல் இயந்திரத்தை நிறுத்தினார்.

"அக்காதான் சார் கேட்டாங்க. நீங்க படிக்கறப்போ திடீர்னு நாலு தாளைச் சேர்த்துப் புரட்டற சத்தம் கேக்குதாம். ஓரத்துல புள்ளி இருக்குன்னு சொன்னேன். அது மட்டும் படி, போதும்னாங்க."

நான் வைத்த புள்ளியே வழிகாட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு.

கோபித்துக்கொள்ளத்தான் மேலே வந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"டாக்டர் சொன்னதுல எங்கெங்க புள்ளி வச்சிருக்கீங்க?"

மாத்திரை டப்பாவைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நேரம்தான்டா துடைப்பே?

மார்ச் 11

காலையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை வரிசையாகச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவள் விரல் மடக்கி எண்ணி, ஜூலை என்றாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே தெரியுங்க. நீங்க படிச்ச கவிதையில ஒருத்தரும் சாகலை. ஆனா எல்லாரும் அழுதுகிட்டு இருந்தாங்க."

சிரித்தோம். இரண்டு பேருக்கும் மூக்கு ஒழுகியது.

பிறகு துப்பறியும் கதையை முதலிலிருந்து, பிணத்தோடு, வாசித்தேன். யார் கொன்றது என்று முன்னாடியே சொல்லிவிடக் கூடாது என்று கண்டிப்பு.

மூன்றாம் தேதி எழுதியதில் நான்காவது தவறு.