பத்தடி மண்ணில் ஒரு மாதுளை

ஹெப்பகோடி
12.8.2004

அன்பு மகளுக்கு,

உன் கல்யாணத்துக்கு வராத அப்பா எழுதுகிறேன். போன வருஷம் இங்கே சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். பின்னால் பத்தடி மண் இருக்கிறது. பலா வைக்கலாமென்று அம்மாவோடு நர்சரிக்குப் போனேன்.

"பலா வேரு செவுத்தையே தூக்கிடும் சார். சின்ன எடத்துக்கு மாதுளதான் சரி. கொழந்தைங்க கைக்கு எட்டுற ஒயரத்துலயே காய்க்கும்" என்றார் நர்சரிக்காரம்மா.

"நம்ம வீட்ல ஏது கொழந்த?" என்று உன் அம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். நான் மாதுளங்கன்றையே வாங்கிக்கொண்டேன்.

இப்போது பூ விட்டிருக்கிறது. உன் மகள் நடக்கிறாளாமே. தாழ்ந்த கிளைகளிலிருந்த முள்ளையெல்லாம் இன்று காலை வெட்டிவிட்டேன். அம்மா பார்த்துச் சிரித்தாள்.

காய் பழுக்க இன்னும் ஐந்து மாதமாகும். அதற்காகக் காத்திருக்க வேண்டாம். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

உன் அப்பா