விடைப் பக்கத்தில் இல்லாதவை

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சின்னவனுக்குச் சளி குறைந்துவிட்டது. குளியலறைக் குழாயை ஆள் வந்து சரிசெய்துவிட்டார். போனில் சொல்ல வாய் வராததால்தான் எழுதுகிறேன்.

பெரியவளின் கணக்கு நோட்டில் 'விடையைப் பார்த்து எழுதியது' என்று டீச்சர் குறித்தனுப்பியதற்கு, 'இந்த வயசுலயே திருட்டுத்தனமா?' என்று போனில் அவளைக் காய்ச்சி எடுத்தீர்கள். அவள் வாயே திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டியவள் பக்கத்தில் நின்ற நான்.

வீட்டுப்பாடத்தில் 2x + y = 10 என்ற சமன்பாட்டுக்குப் பொருந்தும் ஏதாவது மூன்று எண் ஜோடிகளைக் கேட்டிருந்தார்கள். அவள் (0, 10), (5, 0), (-1, 12) என்று எழுதியிருந்தாள். நான் சின்னவனுக்கு ஊட்டிக்கொண்டே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அங்கே (1, 8), (2, 6), (3, 4) என்றிருந்தது. மூன்றும் தப்பு என்றேன். 'போட்டுப் பாரும்மா, சரியா வரும்' என்றாள். 'கணக்குல டிகிரி வாங்கினவ நான், நீ எனக்குச் சொல்லித் தர்றியா?' என்று கத்தினேன். எல்லாவற்றையும் அழிக்கவைத்து, விடைப் பக்கத்தைத் திறந்துவைத்து, 'இதைப் பாத்து எழுதிட்டுப் போய்ப் படு' என்றேன்.

புத்தகத்தில் உள்ள அதே மூன்று, அதே வரிசை. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று வகுப்பில் டீச்சர் கேட்டபோது சும்மா நின்றிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

திங்கட்கிழமைதான் நோட்டில் அழித்த தடத்தைப் பார்த்துப் போட்டுப்பார்த்தேன். ஐந்தை இரண்டால் பெருக்கிப் பூச்சியத்தைக் கூட்டினால் பத்து. மைனஸ் ஒன்றை இரண்டால் பெருக்கிப் பன்னிரண்டைக் கூட்டினாலும் பத்து. மூன்றும் சரி. இப்படி எத்தனை ஜோடி வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம். புத்தகக்காரர் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். கல்லூரி முதல் வருடத்தில் விடுதித் தோழிகளுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

இப்போதெல்லாம் அவள் நோட்டைக் காட்டுவதில்லை. கேட்டால், 'பின்னாடி பாத்து எழுதிட்டேம்மா' என்கிறாள். குத்தலாகச் சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வேன். சாதாரணமாகச் சொல்கிறாள்.

நாளை டீச்சரைப் பார்த்து, எழுதச் சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுவேன். அது சுலபம். காலையில் தலை பின்னும்போது, நீ போட்டதுதான் சரி, தப்பு என்னுடையது என்று அவளிடம் சொல்லிவிடலாம், அப்போது முகம் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். மூன்று நாளாகப் பின்னி முடித்துவிடுகிறேன், சொல்லத்தான் முடியவில்லை.

அடுத்த முறை நீங்கள் கூப்பிடும்போது போனை முதலில் அவளிடமே கொடுக்கிறேன். 'அப்பா விஷயம் தெரியாமத் திட்டிட்டேன்' என்று அவளிடம் சொல்லுங்கள். நான் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அதற்குள் நான் சொல்லியிருக்க வேண்டும்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
பிள்ளைகளின் அம்மா