அண்ணனுக்கும் பார்க்கச் சொன்ன ரத்தம்

மார்ச் 3
தையல் மெஷினை மிதித்தால் நெஞ்சை அடைக்கிறது. வாயு என்று சோடா குடித்தது போதும். இன்று பெரம்பலூரிலேயே இதய டாக்டரைப் பார்த்தேன். "அப்பா எப்படிம்மா போனாரு?" என்றார். பருத்திக் காட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்து நாலு வயதில். சொன்னதும் ரத்தப் பரிசோதனையில் இன்னொன்றைச் சேர்த்து எழுதினார்.

மார்ச் 6
லிப்போபுரோட்டீன் ஏ-வாம், ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு. வாயிலேயே நுழையவில்லை. முப்பதுக்குள் இருக்க வேண்டியது எனக்கு நூற்றுப் பத்து. "பரம்பரையா வர்றதும்மா, பத்தியம் இருந்தாலும் குறையாது. இது கூடக்கூட இதயக் குழாய்ல அடைப்பு கடுமையா இருக்க வாய்ப்பு அதிகம்." ஸ்கேனில் பார்த்ததில் எனக்கு அடைப்பு ஆரம்பம்தானாம், மாத்திரை போதும்.

பிறகு கேட்டாரே ஒரு கேள்வி! "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? அவங்களையும் பார்க்கச் சொல்லுங்க."

இருக்கிறான், இளையபெருமாள் அண்ணன். அரியலூரில் டயர் கடை. பேசி ஆறு வருசம் ஆகிறது. என் மகள் தமிழ்மொழியின் சடங்கில் தாய்மாமன் மாலைக்கு முன்னால் என் நாத்தனார் மாலையைப் போட்டுவிட்டாள். அன்று எழுந்து போனவன்தான்.

மார்ச் 8
போன் போட்டேவிட்டேன். பதற்றத்தில் முதலில் வாயில் வந்தது இதுதான்: "அப்பாவுக்கு வந்தது ஒனக்கும் வரலாம்ணே, ரத்தம் பாத்துடு."

"ஆறு வருசம் பேசாம இருந்துட்டு, சாபம் உடறதுக்கா போன் பண்ணுன?" வைத்துவிட்டான்.

சாபமா? நானா? அடப்பாவி! எப்படியோ போ, எனக்கென்ன... எனக்கென்னவா? கூடப் பொறந்தது அவன் ஒருத்தன்தானே.

மார்ச் 9
அப்பாவிடம் யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால்?

மார்ச் 10
அரியலூர் பஸ் ஏறிவிட்டேன். கடையில் லாரி டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தும் வா என்று சொல்லவில்லை.

"சாபம் உடறவ எனக்கேவா மொதல்ல உட்டுக்குவேன்? அடைப்பு எனக்குத்தாண்ணே வந்திருக்கு!" கத்திவிட்டேன். கடைக்கு வந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒனக்கா?" என்றான். முகமே செத்துவிட்டது. "ஏன் புள்ள அத மொதல்லயே சொல்லல?" ராசாத்தி அண்ணியைக் கூப்பிட்டு என்னை உட்கார வைத்தான். நாளைக்குப் பார்க்கிறேன் என்றான். இப்பவே கிளம்பு என்றேன். அவன் ரத்தம் கொடுத்த பிறகுதான் சாப்பிட விட்டேன்.

மார்ச் 13
அவனுக்கு நூற்று அறுபது. ஈசிஜியும் சரியில்லையாம், உடனே ஆஞ்சியோ பார்க்கச் சொல்லிவிட்டார் டாக்டர். "எனக்கு வலிக்கவே இல்லையே" என்கிறான். அந்த மூச்சு வாங்கியது என்னவாம்?

மார்ச் 17
மூன்று குழாயிலும் அடைப்பு. திருச்சியில் பைபாஸ் ஆபரேஷன். சிறுவாச்சூர் காளியம்மா, காப்பாத்திக் குடு தாயி.

மார்ச் 26
ஆபரேஷன் முடிந்து அண்ணனை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். ரசம் வைத்து எடுத்துப்போனேன். நர்ஸ் என்னைக் காட்டி அவனிடம், "இவங்க யாருங்க?" என்றார்.

"எந் தங்கச்சி வேணி. ரசத்துக்கு உப்புப் போடத் தெரியாது" என்று சொல்லிவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினான். "இன்னுங் கொஞ்சம் ஊத்து."