குலுக்கலில் வந்த பக்கம்

அன்புள்ள மகனுக்கு,

உன்னோடு வந்து இருக்க நான் ஆசைப்படுவதாக நம் வலியசாலைத் தெரு முழுவதும் பேச்சு. அப்படி நான் யாரிடமும் சொல்லவில்லை.

கான்வென்ட்டில் ஒன்பதாம் வகுப்போடு நின்ற படிப்பை இப்போது ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் தொடர்கிறேன் அல்லவா, அங்கே வாதக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். முதியவர்கள் தனியாக வாழலாமா என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் எனக்குக் 'கூடாது' என்ற பக்கம் வந்தது. மாற்றித் தரச் சொன்னேன். "அய்யோ அம்மே, அது பற்றில்ல, முடியாது. நமக்கே நம்பிக்கை இல்லாததை மத்தவங்களை நம்ப வைக்கணும், அதானே பரீட்சை!" என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லி லிபி டீச்சர் சிரித்தாள்.

எழுதினேன். எனக்குத்தான் முதல் மதிப்பெண். அவள் அதை வாட்ஸாப்பில் போட, யாரோ உனக்கு அனுப்ப, நீ இந்த வீட்டை வாங்க ஆள் தேடத் தொடங்கிவிட்டாய். "மாமி, பெங்களூர்ல குளிருமே, ஸ்வெட்டர் வாங்கியாச்சோ?" என்று எதிர்வீட்டு விஜயம் தினமும் கேலி செய்கிறாள்.

குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வரும்வரை தரையிலேயே கிடந்த பெண்ணைப் பற்றி அதில் எழுதியிருந்தேன். வாதத்துக்கு உதாரணம் வேண்டும், அவ்வளவுதான். என் முழங்கை இப்போது நன்றாக மடங்குகிறது.

'வாழலாம்' என்ற பக்கத்தையும் எனக்காக எழுதிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதியில் கிழித்துவிடுகிறேன்.

வீட்டு விஷயத்தை நிறுத்திவை. அந்தக் கட்டுரையைப் படிக்காமல் இருந்திருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருப்பாயா? போனில் சொல்லாதே, போனில் நீ எல்லாவற்றுக்கும் சரி என்பாய். எழுதி அனுப்பு.

அம்மா