ஏரிக்கரையில் கொழுத்த ஆடுகள்

பாகூர்,
1937 மார்ச்சு 14

சைகோன் பட்டணத்தில் சரக்குக் கிட்டங்கிக் காவல் பார்க்கும் என் பிரியமுள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி அமுதம் கைகூப்பி எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் நானும் அத்தையும் சுகம். நீங்கள் அனுப்பிய கடிதமும் உங்கள் போட்டோவும் வந்து சேர்ந்தன. அந்தப் போட்டோவைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆட்டுக் கதையை முதலில் சொல்லாமல் கேட்டால் எனக்குப் பைத்தியம் என்பீர்கள். அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

மேட்டுக் கொல்லையில்தான் மேய்க்க வேண்டும் என்று கப்பல் ஏறும்போது சொன்னீர்கள். நான் கேட்டேனா? மழை விட்டதும் ஏரிக்கரைச் சேற்றில் புல் அப்படி வளர்ந்து கிடந்தது. குட்டி போட்ட நாலு ஆடுகளை வீட்டில் கட்டிவிட்டு, மற்ற ஒன்பதையும் தினம் அங்கேதான் ஓட்டினேன். பொங்கலுக்குள் கொழுகொழுவென்று ஆகிவிட்டன. உங்களை விட எனக்குத்தான் ஆடு வளர்க்கத் தெரியும் என்று அப்போது கடிதத்தில் பீற்றிக்கொண்டதும் நான்தான்.

பக்கத்து வீட்டுக் கலியம்மாள் வேலியோரம் நின்று, "இன்னாடி அமுதம், உன் ஆடுங்க இப்பிடிப் பூரிச்சிக் கிடக்குது" என்றாள். அடுத்த மாதமே ஒன்பதும் சோர்ந்துபோயின. தாடைக்குக் கீழே தண்ணீர் கோத்துத் தொங்கியது. அதோடு ஆட்டம்மையும் வந்து மூன்று செத்துப்போயின. இத்தனைக்கும் தை மாதமே எல்லா ஆட்டுக்கும் சர்க்காரில் அம்மைக்கு ஊசி போட்டிருந்தார்கள். ஊரார் ஊசியைத் திட்டினார்கள், நான் கலியம்மாள் கண்ணைத் திட்டினேன். திட்டியதோடு விடவில்லை. அவள் வாசலுக்கு நேராக மிளகாய் சுற்றி நெருப்பில் போட்டேன். அவள் இருமிய இருமல் கிருமாம்பாக்கம் வரை கேட்டிருக்கும்.

மிருக வைத்தியர் சாமிநாதன் வந்து, கடைசியாகச் செத்த ஆட்டை அறுத்துப் பார்த்தார். ஈரல் முழுவதும் சின்னச் சின்ன இலை போலத் தட்டைப் பூச்சிகள். ஏரிச் சேற்று நத்தையிலிருந்து கிளம்பிப் புல்லில் ஒட்டிக்கொண்டு, அந்த வழியாக ஆட்டுக்குள் போய்விடுமாம். ஈரலைத் தின்பதோடு விடாமல், நோயை எதிர்க்கிற சக்தியையும் மழுங்கடித்துவிடுமாம். அதனால்தான் ஊசி மருந்தும் சரியாகப் பிடிக்கவில்லை என்றார். வீட்டில் கட்டிய நாலுக்கும் ஊசி பிடித்து அம்மை அண்டவில்லை பாருங்கள். காவல்காரனுக்குக் கள் வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டால் எந்தத் திருடனும் உள்ளே வரலாம் அல்லவா, அந்த மாதிரி என்று விளக்கினார். என் வீட்டுக்காரரும் காவல்காரர்தான் என்று நான் மூச்சு விடவில்லை.

ஆரம்பத்தில் சில ஆடுகள் கொழுப்பதும் உண்டாம். அதைப் பார்த்து ஏமாறாதே அம்மா என்றார்.

மிச்சம் ஆறுக்கும் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைந்து வெளுத்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார். இப்போது எல்லாம் மேட்டுக் கொல்லையில்தான் மேய்கின்றன, நன்றாக அசை போடுகின்றன. கலியம்மாளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு கூழ் ஊற்றிக் கொடுத்து, தொட்டுக்கொள்ள மிளகாய் வேண்டுமா, எல்லாவற்றையும் எரித்துவிட்டாயா என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்துத் தீர்த்தோம்.

இனி போட்டோ. அதைப் பார்த்த கலியம்மாள், "அண்ணன் நல்லாப் பூரிச்சிட்டாரு" என்றாள். அத்தைக்கு ஒரே பெருமை. நானும்தான் பூரித்தேன். அப்புறம் உங்கள் தாடைக்குக் கீழே பார்த்தேன், ஆடுகளுக்குத் தொங்கிய மாதிரியே இருந்தது. சைகோனில் ஓடையில் பறிக்கிற கீரையைப் பச்சையாகவே தின்னப் பழகிவிட்டது என்று எழுதியிருந்தீர்களே. மனிதருக்கும் அப்படி வருமா என்று வைத்தியரைக் கேட்டேன். வரலாம், வேகவைத்துத் தின்னச் சொல் என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா. மூன்று ஆட்டுக்கு அழுததே போதும்.

ஆட்டுக்கு வைத்தியர் செய்ததை நீங்களும் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் சிவப்பு என்று ஒரு வரி எழுதுங்கள். வெளுத்திருந்தால் கடிதம் எழுத வேண்டாம், அடுத்த கப்பலில் ஏறி வந்துவிடுங்கள். சிவப்பாகவே இருந்தாலும் வரலாம், இங்கே யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

மாதா உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உங்கள்
அமுதம்